வெட்டிய நுனியைக் கைவிடாத நொதி: இடஞ்சார் மறுசேர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் முதுநிலை உயிர்த்தொழில்நுட்ப மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இழைகளை வெட்டி வேறு துணையோடு இணைக்கும் இடஞ்சார் மறுசேர்க்கையைப் பற்றிய கேள்விக்கு ஒரே விடை திரும்பத் திரும்ப வருகிறது: “ரீகாம்பினேஸ் நொதி டி.என்.ஏ.வை வெட்டுகிறது, பிறகு லிகேஸ் நொதி ஒட்டுகிறது.” முற்பாதி சரி, பிற்பாதி தவறு. மற்ற தவறுகளில் பல இந்தப் பிற்பாதியிலிருந்துதான் கிளைக்கின்றன.

கட்டுப்படுத்தும் நொதி எனப்படும் ரெஸ்ட்ரிக்ஷன் நொதி, நீர் மூலக்கூறைக் கொண்டு பாஸ்பேட் பிணைப்பை உடைத்துவிட்டு விலகிவிடும். ரீகாம்பினேஸோ தன் உடலிலுள்ள ஓர் அமினோ அமிலத்தின் ஹைட்ராக்சில் தொகுதியைக் கொண்டே தாக்கி, வெட்டிய நுனியைத் தன்னோடு சகப்பிணைப்பால் பிணைத்துக்கொள்கிறது. உடைந்த பிணைப்பின் ஆற்றல் வீணாகாமல் அந்த இடைநிலைப் பிணைப்பிலேயே தங்கியிருப்பதால், நுனியைப் புதிய துணையோடு சேர்ப்பதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யும் வேண்டியதில்லை, லிகேஸும் வேண்டியதில்லை. ஒரு நியூக்ளியோடைடுகூட, அதாவது டி.என்.ஏ.வின் ஓர் எழுத்துகூட, இழக்கப்படுவதுமில்லை, புதிதாகச் சேர்க்கப்படுவதுமில்லை. விசைத்தறி ஊர்களான சோமனூர், பல்லடம் பக்கத்து மாணவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. தறியில் பழைய பாவு (நீளவாட்டு நூல்) தீரும்போது பாவு பிணைப்பவர் பழைய இழையின் நுனியையும் புதிய இழையின் நுனியையும் விரலிடுக்கில் பிடித்தபடியே முறுக்குகிறார்; பிடியை விட்டால் ஆயிரக்கணக்கான இழைகளில் அந்த நுனி எங்கே என்று தேட வேண்டியதுதான். ஆனால் பிணைப்பில் சிறிது நூல் வீணாகும், நொதியின் வேலையில் அதுவும் ஆகாது என்பதால் உவமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையையும் இதையும் ஒன்றாக எழுதுவது அண்மைக் காலத்துப் பழக்கம். அம்முறையின் வெட்டும் நொதியான காஸ்9 வெட்டிய முனைகளைச் செல்லின் பழுதுபார்க்கும் அமைப்பே சேர்க்கிறது. அதனால்தான் அங்கே சில எழுத்துகள் கூடுவதும் குறைவதும் நிகழ்கின்றன.

அடுத்த தவறு, லாக்ஸ்-பி இடத்தைப் படிப்பதில் நேர்கிறது. பி1 என்னும் பாக்டீரியோஃபேஜிலிருந்து (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வந்த க்ரீ என்னும் ரீகாம்பினேஸ் நொதி அடையாளம் காணும் இந்த இடத்தில் 34 கார இணைகள் (ஈரிழையில் எதிரெதிரே இணையும் எழுத்துகள்) உள்ளன. இருபுறமும் 13 கார இணைகள் கொண்ட கைகள் ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்திருக்க, நடுவில் 8 கார இணைகள் கொண்ட துண்டு இருக்கிறது. கைகளைப் பார்த்துவிட்டு முழு இடமும் சமச்சீரானது என்று எழுதுகிறார்கள். கைகள் நொதி வந்து அமர்வதற்கானவை. இடத்துக்குத் திசை தருவது சமச்சீரற்ற அந்த நடுத்துண்டுதான். இழைகள் இடம் மாறியபின் ஒரு இடத்தின் இழை மற்ற இடத்தின் இழையோடு கார இணை சேர வேண்டியிருப்பதால், இரண்டு இடங்களின் நடுத்துண்டுகளும் ஒத்திருக்க வேண்டும். இரு இடங்களும் ஒரே திசையில் இருந்தால் இடைப்பட்ட பகுதி வளையமாக வெளியேறும், எதிரெதிர்த் திசையில் இருந்தால் அப்பகுதி தலைகீழாகத் திரும்பும், வெவ்வேறு மூலக்கூறுகளில் இருந்தால் அவை ஒன்றோடொன்று இணையும் அல்லது துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். பிளாஸ்மிட் (சிறு வளைய டி.என்.ஏ.) வரைபடத்தில் இடத்தை வெறும் பெட்டியாக வரையாமல் அம்புக்குறியாக வரையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளியேற்றத்துக்குப் பின் இரண்டு லாக்ஸ்-பி இடங்களும் மறைந்துவிடும் என்பதும் பிழையே. குரோமோசோமில் ஒன்று மிஞ்சும், வளையத்தில் ஒன்று போகும். ஒவ்வொன்றிலும் ஒரு கை ஒரு பழைய இடத்திலிருந்தும் மற்றொரு கை இன்னொரு பழைய இடத்திலிருந்தும் வந்தவை.

ஆய்வகத்தில் அதிக நாட்களை வீணாக்குவது, இந்த வினை இருதிசையிலும் ஓடும் என்பதை மறப்பதுதான். க்ரீயைக் கொண்டு ஒரு மரபணுவை நுழைக்க முயல்பவர், அதே நொதி அதை மீண்டும் வெளியேற்றும் என்பதை எதிர்பார்ப்பதில்லை. ஒரே மூலக்கூறில் அருகருகே உள்ள இரு இடங்கள் சந்திப்பது, தனித்தனி மூலக்கூறுகளில் உள்ளவை சந்திப்பதைவிட எளிது என்பதால் வெளியேற்றமே வெல்லும். தலைகீழாக்கும் அமைப்பிலும், நொதி இருக்கும்வரை துண்டு இங்குமங்கும் புரண்டுகொண்டே இருக்கும். இறுதியில் கிடைப்பது இரு திசைகளின் கலவை. நுழைத்தது நிலைக்க வேண்டுமானால், லாக்ஸ்66, லாக்ஸ்71 போல ஒவ்வொன்றிலும் ஒரு கை மாற்றப்பட்ட இடங்களைப் பயன்படுத்தலாம். வினைக்குப் பின் இரு மாற்றங்களும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுவதால் நொதி அங்கே உறுதியாகப் பற்றாது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் ஃபேஜிலிருந்து வந்த பை-சி31 இன்டகிரேஸ் என்னும் ரீகாம்பினேஸும் நல்ல தேர்வே. அது சேர்க்கும் இரு இடங்களின் வரிசைகளும் வேறுவேறானவை, விளையும் இடங்கள் அவ்விரண்டில் எதையும் ஒத்திருப்பதில்லை, துணைப்புரதம் இன்றி அந்த நொதியால் திரும்பி வர இயலாது.

ரீகாம்பினேஸ்களில், தாக்கும் அமினோ அமிலம் டைரோசினா செரினா என்பதைப் பொறுத்து அமைந்த இரு குடும்பங்களின் வழிமுறையை ஒரே படத்தில் திணிப்பதையும் தவிர்க்க வேண்டும். டைரோசின் குடும்பம், சந்திக்கும் இரு இடங்களின் நான்கு இழைகளில் முதலில் இரண்டை வெட்டி மாற்றி, ஹாலிடே சந்தி என்னும் நான்குமுனை அமைப்பைக் கடந்து, அதன்பின் மற்ற இரண்டை மாற்றுகிறது. செரின் குடும்பம் நான்கு இழைகளையும் வெட்டிவிட்டு, நொதித் தொகுதியின் ஒரு பாதியை 180 பாகை சுழற்றி ஒட்டுகிறது. செரினுக்கு ஹாலிடே சந்தி வரைந்த படத்துக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. இரண்டிலும் நான்கு நொதி மூலக்கூறுகள் பங்கேற்கின்றன. ஈஸ்ட்டின் ஃபிளிப் நொதி டைரோசின் குடும்பத்தது. அதன் இயல்பு வடிவம் 30 பாகை செல்சியஸ் அளவில் நன்றாக இயங்கி 37 பாகையில் தளர்ந்துவிடும் என்பதால், பாலூட்டிச் செல்களுக்கு மேம்படுத்தப்பட்ட வடிவத்தையே எடுக்க வேண்டும்.

34 எழுத்துகள் அப்படியே தற்செயலாக அமைவது அரிது என்பது உண்மைதான். ஆயினும் லாக்ஸ்-பியை ஓரளவு ஒத்த இடங்கள் பாலூட்டிகளின் மரபணுத்தொகுதியில் உள்ளன. க்ரீ மிகுதியாகவும் நீண்ட நேரமும் இருந்தால் அங்கும் வெட்டு விழுந்து செல் பாதிக்கப்படும். ஆகவே க்ரீயால் ஒரு மரபணுவை நீக்கிப் பார்க்கும் எலிச் சோதனையில், லாக்ஸ்-பி மட்டும் உள்ள எலியை ஒப்பீட்டுக் கட்டுப்பாடாக வைத்துவிட்டு நிறைவடைந்துவிடாமல், க்ரீ மட்டும் உள்ள எலியையும் அதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையேல் நொதியின் நச்சால் வந்த விளைவையே மரபணு நீங்கியதன் விளைவென்று எழுதிவிடுவோம்.