ஒட்டுப் போடுவதற்கு முன் முள்ளைத் தேடுங்கள்

காற்றுப்போன சைக்கிளைக் கண்டவுடன் ரயரைக் கழற்ற முற்படவேண்டாம். எங்களிடமுள்ள பழைய சைக்கிள்களின் வால்வுக்குள் இருக்கும் சிறு இறப்பர்க்குழாய் நாட்பட வெடித்துவிடும். ஆகையால் முதலில் காற்றடித்து, வால்வின் வாயில் எச்சிலைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அக்குழாயை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும்.

வராவிட்டால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிச்சக் காற்றையும் வெளியேற்றி, ரயரின் விளிம்பைச் சுற்றிவரப் பெருவிரல்களால் றிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். விளிம்பு தளர்ந்ததும் கரண்டிக் காம்பாலேயே நெம்பி எடுக்கலாம். திருப்புளியால் நெம்புவோர் ஓர் ஓட்டையை அடைக்கப்போய் இன்னொன்றைத் தாமே உண்டாக்குகிறார்கள். ஒட்டுப் போடுவதற்குச் சில்லைக் கழற்றத் தேவையில்லை. ரியூப்பை வெளியே இழுத்தாலே போதும்.

காற்றடித்த ரியூப்பைத் தண்ணீருக்குள் பகுதி பகுதியாக அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தை அடையாளமிடுங்கள். பிறகு வால்விலிருந்து அவ்விடம் எவ்வளவு தூரமென்று பார்த்து, ரயரிலும் அதே இடத்தைத் தேடவேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஒருமுறை ஒட்டை ஒழுங்காகப் போட்டும், எங்கள் ஒழுங்கை முடக்குத் தாண்டுமுன்னரே சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினேன்; தலை முறிந்த நெருஞ்சி முள்ளொன்று ரயரின் உட்புறத்தில் ஊசிமுனையளவு நீட்டிக்கொண்டிருந்தது. பழந்துணியை உள்ளே மெதுவாக இழுத்துச் சென்றால், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். ஓட்டை றிம்மைப் பார்த்த பக்கத்தில் இருந்தால், றிம் நாடா விலகிக் கம்பி முனை குத்தியிருக்கக்கூடும். அருகருகே இரண்டு கீறல்கள் என்றால், காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறீர்கள்.

ஓட்டையைச் சுற்றி ஈரமின்றித் துடைத்து, அரத்தால் உரஞ்சி, சொலுசனை மெல்லிதாகப் பூசுங்கள். பளபளப்பு மங்கும்வரை 5 நிமிடமளவு பொறுத்த பின்னரே ஒட்டை வைத்து அழுத்தவேண்டும்.

மாட்டும்போது ரியூப் உருண்டு நிற்குமளவு காற்றடித்து, வால்வைத் துளையில் நுழைத்து, விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வருகே முடியுங்கள். கடைசிச் சாணளவு இடம் இறுகும். அப்போதும் நெம்பாமல், எதிர்ப்புற விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு பெருவிரல்களாலேயே ஏற்றுங்கள். வால்வை ஒருதடவை உள்ளே தள்ளி இழுத்தால், சிக்கிய ரியூப் விடுபடும்.

புதிய ரயர் வாங்குவோர் பழையதன் பக்கத்தில் உள்ள இலக்கத்தை முழுமையாகக் குறித்துச் செல்லவேண்டும். 26 × 1⅜ அளவு ரயர் 590 மில்லிமீற்றர் றிம்முக்கும், 26 × 1.75 அளவு ரயர் 559 மில்லிமீற்றர் றிம்முக்கும் உரியவை. இரண்டும் ‘26’ என்றாலும் ஒன்றுக்குப் பதிலாக மற்றது பொருந்தாது.