கல் வாங்கப் போகும்போது பையில் ஓர் எலுமிச்சம்பழம்

மதுரைப் பக்கம் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். சாப்பாட்டு அறை தனியாக வேண்டும், டைல்ஸ் வேண்டாம், கல்தான் வேண்டும் என்று வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி: வீட்டில் யாராவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா?

அறையின் அளவே அதில்தான் இருக்கிறது. ஆறு பேர் மேசை ஐந்தடிக்கு மூன்றடி. நாற்காலியை இழுக்கவும் பின்னால் ஒருவர் குழம்புச் சட்டியோடு நடக்கவும் சுற்றிலும் மூன்றடி விட்டால், உள்ளளவு பதினொன்றுக்கு ஒன்பது. பந்தி போடுகிற குடும்பமென்றால் இலைக்கு இரண்டடி அகலம் கணக்குப் போட்டு, நீளமான சுவரைக் கதவு, ஜன்னல் தொந்தரவு இல்லாமல் விட்டுவிடுங்கள்.

இனி கல். சாப்பாட்டு அறைத் தரையில் விழப்போவது ரசம், புளிக்குழம்பு, மோர், ஊறுகாய். எல்லாம் புளிப்பு. மார்பிள், கடப்பா, கோட்டா, தாண்டூர் எல்லாமே சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். புளிப்பு பட்டால் மேற்பரப்பு அரிக்கும். அது கறை இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பாலிஷே கரைந்துவிட்டது, மறுபடி மெஷின் போட வேண்டும். பளபளக்கும் கறுப்புக் கடப்பாவில் அந்த இடம் வெளிறிப்போய்த் தனியாகத் தெரியும். கிரானைட்டுக்கு இந்தப் பயம் இல்லை.

கறுப்பாக இருப்பதெல்லாம் கிரானைட் இல்லை என்பதால்தான் எலுமிச்சம்பழம். சாம்பிள் துண்டில் நாலு சொட்டுப் பிழிந்து, கடைக்காரரிடம் விலை பேசி முடித்துவிட்டு வந்து துடையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கிய வட்டம் தெரிகிறதா? சுண்ணாம்புக் கல். இன்னொரு மூலையில் தண்ணீர் விடுங்கள். சீக்கிரமே கறுத்து ஊறினால் எண்ணெயும் மஞ்சளும் அப்படித்தான் ஊறும். சீலர் (கல்லுக்குள் எதுவும் ஊறாமல் தடுக்கும் பூச்சு) அடிக்காமல் அதைப் போடாதீர்கள். வெளிர் நிறக் கல்லில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், சாம்பல் அல்லது பழுப்பு கிரானைட், லெதர் ஃபினிஷ், அதாவது தோல் மாதிரி லேசான சொரசொரப்பு. கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட தரையில் ரசம் சிந்தினால் பாட்டி வழுக்கி விழுவார். கோட்டாவின் பச்சை கலந்த நீலம்தான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் பளபளப்பு ஏற்றாமல் மேட் ஆக விடுங்கள்; அரித்த இடம் அவ்வளவாகத் தெரியாது.

பதிப்பதற்கு முன் எல்லாக் கற்களையும் சாந்து இல்லாமல் தரையில் பரப்பி, நிறம் பார்த்து அடுக்கி, பின்பக்கம் எண் போடச் சொல்லுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார், பரவாயில்லை. மேசைக்கடியில் மறைகிற இடத்துக்குச் சுமாரான கல்லைத் தள்ளலாம். பத்து சதவீதம் கூடுதலாக ஒரே லாட்டில் வாங்குங்கள். பிறகு அதே நிறம் கிடைக்காது.

வாட்டம் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கழுவிவிட வசதியென்று அறை முழுக்க வாட்டம், அதாவது தண்ணீர் வடியச் சரிவு, கேட்கிறார்கள். வேண்டாம், மேசை ஆடும். ரசமட்டம் வைத்துச் சமமாகவே பதியுங்கள். கைகழுவும் இடத்தை மட்டும் அரை அங்குலம் தாழ்த்தி, அங்கே வாட்டம் கொடுங்கள்.

சாந்துக் கலவை சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து, ஒன்றரை அங்குலக் கனம். சாந்து இறுகியபின் ஒவ்வொரு கல்லையும் கட்டையால் தட்டிப் பாருங்கள்; உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். அந்தக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும், பேச்சுக்கே இடமில்லை. இடைவெளியில் வெள்ளை சிமெண்ட் பூசினால் சாம்பாரில் மஞ்சளாகிவிடும். எபாக்சி என்கிற பிசின் பூச்சு செலவுதான், ஆனால் இந்த அறைக்கு அதுதான்.

கல் தரையில் நாற்காலி இழுக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். கால்களுக்கு ரப்பர் மூடி மாட்டுங்கள், ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள்.

வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக்க ஆசிட் பாட்டிலோடு ஒருவர் வருவார். சுண்ணாம்புக் கல் என்றால் அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய துணி போதும்.