கற்பனை இனத்துக்குப் பெயர் வைக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஒரு கதைக்காக நாம் படைத்த இனத்தில் அண்ணன் பெயர் ஸ்ரக்தார், தங்கை லூமியேலா, தாத்தா ங்கோம்போ. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் நம்ப முடியவில்லை. பெயர்களைத் தோன்றியபடி எழுதிவிட்டு, மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால் வரும் கோளாறு இது.

விசித்திரமான ஒலிகளைச் சேர்க்கச் சேர்க்கப் பெயர் அந்நியமாகும் என்று நினைக்கிறோம். உண்மையில் குறைத்தால்தான் அடையாளம் வரும். ஹவாய் மொழியில் மெய்யொலிகள் 8 மட்டுமே. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வராது, எந்தச் சொல்லும் மெய்யில் முடியாது. ஹொனொலுலு, கமேஹமேஹா என்று கேட்டவுடனே ஒரே மண்ணின் பெயர்கள் என்று தெரிவது அதனால்தான். நீங்கள் படைக்கும் இனத்திடம் எந்த ஒலி கிடையாது, சொல் எதில் தொடங்காது, எதில் முடியாது என்று நாலைந்து விதி வகுத்தால் போதும். முழு இலக்கணம் வேண்டாம். கதை எழுதவும் நேரம் வேண்டுமே!

பெயரின் நடுவே அலங்காரத்துக்கு ஒற்றை மேற்கோள் குறி போடுவதை விட்டுவிடலாம். ஹவாய் எழுத்தில் அதுபோன்ற குறிக்கு வேலை உண்டு: தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி அது, அந்த எட்டில் ஒன்று. உங்கள் குறிக்கு என்ன ஒலி?

உடலமைப்பையும் கவனியுங்கள். ப, ம சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டும். அலகுள்ள இனத்தின் அரசிக்குப் பம்மா என்று பெயரிட்டால் அவளாலேயே அதைச் சொல்ல முடியாது. கிளி பேசுகிறதே என்பீர்கள். அதன் குரல் பிறக்கும் விதமே வேறு. சரி, உங்கள் இனமும் அப்படித்தான் என்றால் அதை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். சொல்லின் நடுவில் தனியாக வரும் வல்லினத்தை நாம் மென்மையாகவே வாசிப்போம். தகான் என்பதில் ககரம் அழுத்தமாக ஒலிக்க வேண்டுமென்றால் தக்கான் என்றுதான் எழுத வேண்டும். கெட்டவர்களுக்கெல்லாம் கரடுமுரடான பெயர், நல்லவர்களுக்கு வழுவழுப்பான பெயர் என்ற பழக்கமோ வெறும் சோம்பல்.

பெயரிடும் வழக்கத்தில்தான் ஒரு சமூகம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்பது வெளிப்படும். பாலித் தீவில் பலருக்குப் பிறந்த வரிசைப்படி வயான், மாதே, நியோமான், கெதுத் என்று பெயர்; ஐந்தாவது குழந்தை மறுபடி வயான். கானாவின் அகான் மக்களிடம் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். எழுநூறு ஆண்டு வாழும் உங்கள் இனம், பிறந்தபோது வைத்த பெயரையே கடைசிவரை சுமக்குமா?

வழக்கத்தைச் சொல்லிவிட்டு மறந்துபோவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடம் இறந்தவரின் பெயரை உச்சரிக்காத மரபு உண்டு. அதே பெயர் கொண்டவரை வேறு பெயரால் அழைக்க வேண்டிவரும். அதுபோன்ற மரபை மூன்றாம் அத்தியாயத்தில் விளக்கிவிட்டு, பத்தாம் அத்தியாயத்தில் செத்த அரசனின் பெயரைப் படையே கூவிக்கொண்டு ஓடினால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.