கிளப் நடத்தக் கைக்காசு போடுகிறீர்களா?

பல்கலைக்கழகத்தில் கிளப் நடத்தும் பலர் சொந்தக் காசைப் போட்டே களைத்துப்போகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. மாணவர் நலப் பிரிவில் கிளப்பைப் பதிவு செய்துவிட்டால் அரங்கம், மைக், புரொஜெக்டர் எல்லாம் பல இடங்களில் இலவசமாகவே கிடைக்கும். பொறுப்பாளர்கள் பெயர், விதிமுறைகள், ஆலோசகராக ஓர் ஆசிரியர்: வழக்கமாகக் கேட்பது இவ்வளவுதான்.

நிதி கேட்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. 'நிகழ்ச்சிக்குப் பணம் தேவை' என்று மொட்டையாக எழுதினால் விண்ணப்பம் கிடப்பில் போய்விடும். பேனருக்கு எவ்வளவு, பேச்சாளர் பயணத்துக்கு எவ்வளவு, எத்தனை பேர் வருவார்கள் என்று வரிவரியாக எழுதுங்கள். கடையில் வாங்கிய கொட்டேஷனையும் இணைத்துவிடுங்கள். முன் அனுமதி வாங்காமல் செலவழித்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். ஆண்டுத் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்கி முடித்துவிடும் இடங்களும் உண்டு. அதனால் கடைசித் தேதியை முதல் வாரமே கேட்டு வையுங்கள்.

ஆலோசகர் பெரிய பெயர் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. கையெழுத்துக்குப் போனால் அன்றே படித்துப் பார்த்துப் போட்டுத் தருகிறவர்தான் கிளப்புக்கு வரம். இறுதியாண்டு மாணவர்கள் கிளம்பும் முன் கிளப்பின் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் கணக்கு நோட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.