சிறுநீர்க் குழாய் வழியாக வரும் தொற்றைத் தடுப்பது எப்படி?

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கடந்தபின் ஒருவருக்குப் புதிதாகத் தோன்றும் தொற்றைப் பொதுவாக அங்கேயே பெற்ற தொற்றாகக் கருதுகிறார்கள். அவற்றுள் மிகப் பரவலான ஒன்று சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் செருகப்படும் கதீட்டர் என்ற சிறுநீர்க் குழாயால் வருவது.

முதலில், குழாய் தேவைதானா என்று பார்க்க வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கும், மணிக்கு மணி சிறுநீரின் அளவைக் கணக்கிட வேண்டிய நிலையில் இருப்பவருக்கும் அது அவசியம். ஆனால் படுக்கை நனைகிறது என்பதற்காகவோ, கழிப்பறைக்கு அழைத்துச்செல்ல ஆளில்லை என்பதற்காகவோ குழாய் போடுவது நோயாளிக்கு இழைக்கும் தீங்கு. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு வரை கூடுகிறது. ஆகவே தினமும் காலை ரவுண்ட்ஸின்போது, "இன்று இதை எடுத்துவிடலாமா?" என்று செவிலியரே மருத்துவரிடம் கேட்பதை வார்டின் வழக்கமாக்க வேண்டும். இந்தக் கேள்வியைவிடப் பயனுள்ள தடுப்புமுறை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

குழாயைப் போடும்போது கிருமி நீக்கிய கருவிகளையும் கையுறையையும் பயன்படுத்த வேண்டும். பிறகு குழாயையோ, அதில் வரும் சிறுநீர் சேரும் பையையோ (யூரோபேக்) தொடுவதற்கு முன்னும் பின்னும், ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடியும், சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடியும் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். கையுறை அணிவது இதற்கு ஈடாகாது.

யூரோபேக் எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். ஸ்கேனுக்கு அழைத்துச்செல்லும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின்மேல் வைத்துவிடுவதைப் பல இடங்களில் காணலாம்; அப்போது பையில் தேங்கிய சிறுநீர் திரும்பி உள்ளே பாயும் என்பதை உடனிருக்கும் உறவினர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். பையைக் காலிசெய்ய ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். பையின் வாய் அதில் படக்கூடாது. பரிசோதனைக்குச் சிறுநீர் எடுக்கவும் இணைப்பைக் கழற்றாமல், அதற்கென உள்ள துளை வழியாகவே எடுக்க வேண்டும். குழாய் நுழையும் இடத்தை அன்றாடம் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினாலே போதும்.

சிறுநீர் கலங்கியிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆன்டிபயாட்டிக் தொடங்கக்கூடாது. காய்ச்சல், குளிர்நடுக்கம், அடிவயிற்று வலி போன்ற அறிகுறிகள் தோன்றினால் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.