டெக்சாஸ் ராஞ்சுல காட்டுப்பன்னிக் கூட்டத்தை மொத்தமா புடிச்ச கதை

காட்டுப்பன்னிங்க ராத்திரியோட ராத்திரியா வைக்கோல்புல் வயல உழுது போட்ட மாதிரி கிளறி வச்சிரும், பக்கத்து ராஞ்ச்காரர் (மாட்டுப்பண்ணைக்காரர்) தெர்மல் ஸ்கோப், அதாவது இருட்டுல உடம்புச் சூட்டை வச்சு உருவம் காட்டுற கருவி, வச்சு சுடுவாரு, ஒண்ணு ரெண்டு விழும், மிச்சதெல்லாம் வேற மூலைக்குப் போய் தோண்டும் (இங்க 2019 செப்டம்பர்லருந்து தனியார் நிலத்துல ஓனர் சம்மதிச்சா பன்னி சுட லைசென்ஸே வேணாம்). அது குட்டி போடுற வேகத்துக்கு துப்பாக்கி மட்டும் பத்தாது.

அதனால 5 அடி உயர கம்பி பேனல்ல வட்டமா பட்டி போட்டேன், சதுரமா போட்டா மூலைல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி தாண்டிரும். கேட்டைத் திறந்தே கட்டி வச்சுட்டு, தண்ணில ஊறி புளிச்ச மக்காச்சோளத்த உள்ள கொட்டினேன், நாத்தம் குடலைப் புரட்டும், ஆனா மான் அவ்வளவா கிட்ட வராது. அவசரமே கூடாது. கேமரால தாய்ப்பன்னி, குட்டி எல்லாம் தயங்காம உள்ள போறது தெரிஞ்சப்புறம்தான் கேட்டை செட் பண்ணேன், அதுவும் போன்ல பாத்து நாமளே இறக்குற கேட், கால்ல தட்டுற கம்பின்னா ரக்கூன் மாதிரி சின்ன மிருகமே தட்டி விட்டுரும். மொத்த கூட்டமும் மாட்டுச்சு.

அறுக்கும்போது க்ளவுஸ் கண்டிப்பா போடுங்க, ப்ரூசெல்லாங்கிற நோய்க்கிருமி தொத்தும். உயிரோட ஏத்திட்டுப் போய் வேற நிலத்துல விடுறது சட்டப்படி தப்பு.