கப்பல்ல ஆரம்பிக்காதீங்க: நம்ம யாங்கோன் கதைய சிறுகதையா எழுதுறது எப்படி

ஞாயித்துக்கெழமை தமிழ் கிளாஸ்ல பசங்ககிட்ட, உங்க குடும்பம் பர்மாவுக்கு வந்த கதைய ஒரு சிறுகதையா எழுதிட்டு வாங்கடான்னு சொல்லி விட்டேன். வந்த நோட்டெல்லாம் முதல் வரி ஒண்ணுதான், மெட்ராஸ் துறைமுகத்துல கப்பல் கெளம்புது, தாத்தா கண்ணு கலங்குது. அந்தத் தாத்தாவ எழுதுனவன் பாத்ததே இல்ல, கப்பலயும் பாத்ததில்ல, சினிமால பாத்த கப்பல்தான் நோட்டுல மெதக்குது. அதனால புதுசா எழுத வர்றவங்களுக்கு நான் செய்யுற மாதிரி ஒவ்வொரு படியா சொல்றேன்.

படி 1: பெருசுங்ககிட்ட வரலாறு கேக்காதீங்க, சமையல் கேளுங்க

"எப்ப வந்தீங்க, ஏன் வந்தீங்க"ன்னு கேட்டா எல்லாரும் மேடைல பேசுற மாதிரி ஆயிடுவாங்க. 1962ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சிய புடிச்சதும் அடுத்தடுத்து கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டதும், 1964 மே 17ந்தேதி 50 கியாட் 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு ஆனதும் நமக்கெல்லாம் தெரியும். எங்க அப்பத்தாகிட்ட அந்த நோட்டு விஷயத்த எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், "எல்லாம் போச்சு"ன்னு ரெண்டே வார்த்தைல முடிச்சிரும். ஒருநாள் சும்மா, அன்னைக்கு வீட்ல என்ன சமைச்சீங்கன்னு கேட்டேன். "சமைக்கிறதா, ஊறப்போட்ட உளுந்து அப்படியே கெடந்துச்சு, ஆட்ட யாருக்கும் கை வரல, மறுநாள் வீடு பூரா புளிச்ச நாத்தம்"னு சொல்லுச்சு. அந்த நாத்தம்தான் கதை. நோட்டு எவ்வளவு போச்சுங்கிற கணக்கு கதைக்கு வேண்டவே வேண்டாம்.

படி 2: ஒரே ஒரு நாள எடுத்துக்கங்க

மூணு தலைமுறைய அஞ்சு பக்கத்துல அடைக்கப் பாத்தா அது ரேஷன் கடை வரிசை மாதிரி ஆயிடும், யாரு மூஞ்சியும் தெரியாது. ஒரு நாள், முடிஞ்சா ஒரு மத்தியானம், அவ்வளவுதான். நாள எடுத்ததும் தேதிய சரிபாத்துக்கங்க. ஒரு பையன் 1942 ஏப்ரல்ல தாத்தா ரங்கூன்ல கப்பல் ஏறுனாருன்னு எழுதியிருந்தான், மார்ச் 8ந்தேதியே ஜப்பான்காரன் ஊருக்குள்ள வந்துட்டான், ஏப்ரல்ல எந்தக் கப்பல்? அப்ப ஜனங்க நடந்துதான் போனாங்க, அரக்கான் பக்கமாவும் தமு வழியா மணிப்பூருக்கும், காட்டுல காலராவுலயும் மலேரியாவுலயும் செத்தவங்க எத்தனையோ பேரு.

ஊர் பேருலயும் உஷாரா இருங்க. இங்கிலீஷ்ல ரங்கூன் யாங்கோன் ஆனது 1989ல. எங்க வீட்டு பெருசுங்க இன்னைக்கும் ரங்கூன்னுதான் சொல்லும், பேரப்பசங்க யாங்கோன்னு சொல்லுவாங்க. ஒரே சாப்பாட்டு மேசைல இந்த ரெண்டு ஊர்ப்பேரும் வந்தா வயச தனியா எழுதவே வேணாம்.

படி 3: கேரக்டருக்கு ரெண்டு பேரு வைங்க

இதுலதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கங்கன்னு சொல்வேன், ஏன்னா நம்ம கதையோட உயிரே இங்கதான் கெடக்கு. நம்மள்ல நெறய பேருக்கு வீட்ல ஒரு பேரு ஸ்கூல்ல ஒரு பேரு. பர்மியப் பேரு சும்மா வைக்கிறதில்ல, பொறந்த கெழமைக்கு எழுத்து உண்டு, வியாழக்கெழமைன்னா ப, ம வரிசை. அப்ப வியாழக்கெழமை பொறந்த நம்ம முருகையன் ஸ்கூல்ல மியோ மின். பர்மாக்காரங்களுக்கு குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையாது, நமக்கும் கெடையாது, இன்ஷியல்தான், அதனால ஆரம்பத்துல ரெண்டும் ஒண்ணா கலந்துரும்போல தோணும். ஆனா ஃபாரத்துல அப்பா பேருக்கு ஒரு கட்டம் இருக்குல்ல, அங்கதான் மாட்டும். மியோ மின், அப்பா பேரு ராமசாமி. டீச்சர் ரெண்டயும் சேத்து சத்தமா படிக்கிறாங்க, கிளாஸே திரும்பிப் பாக்குது. அந்த ரெண்டு செகண்ட மட்டும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்க.

1982 குடியுரிமைச் சட்டம், மூணு அடுக்கு குடிமக்கள், இதெல்லாம் கதைல விளக்கி உக்காராதீங்க. குடியுரிமை கார்டு கலர் ரோஸா நீலமா பச்சையான்னு ஒரு பார்வை பாத்தா இங்க இருக்கவங்களுக்குப் புரியும், மத்தவங்களுக்கு அந்தப் பார்வைல இருக்குற பயம் புரியும்.

படி 4: பர்மிய வார்த்தைக்கு அடைப்புக்குறி போடாதீங்க

என் முதல் கதைய ஒரு பத்திரிகைக்கு அனுப்புனப்ப எல்லா பர்மிய வார்த்தைக்கும் பக்கத்துல அர்த்தம் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க, நானும் போட்டேன், கதை சுண்டல் பொட்டலத்துல கல்லு கெடந்த மாதிரி ஆயிடுச்சு. இப்ப இப்படித்தான் எழுதுறேன்:

"லஃபெயே ஒண்ணா ரெண்டாக்கா?"ன்னு கேட்டான் கடைப் பையன்.
"ரெண்டு. ஒண்ணுல பால் கம்மி."

லஃபெயேன்னா டீன்னு யாருக்குப் புரியாது? நம்ம பேச்சும் இப்படித்தான கலந்து கெடக்கு, கன்னத்துல தனாக்கா பூசிக்கிட்டு நெத்தில திருநீறு வைக்கிற ஆளுங்க நாம.

படி 5: எதிரி யாருன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க

பர்மாக்காரன் கெட்டவன், நம்ம ஆளு பாவம், இப்படி எழுதுனா கதை தட்டையாயிடும். வட்டிக்கு விட்டு நெலத்த எழுதி வாங்குன செட்டியார்களும் நம்ம ஆளுங்கதான, 1930கள்ல நெல்லு வெல விழுந்தப்ப கீழ் பர்மால எத்தன விவசாயி நெலம் அவங்க கைக்குப் போச்சு. அந்த விவசாயி மகளும் கதைல ஒரு ஆளா வரட்டும்.

இன்னொண்ணு, இங்கேருந்து இந்தியாவுக்குத் திரும்பிப் போனவங்களும் குடியேறிகள்தான். இத யாரும் எழுதுறதில்லங்கிறது என் ஆதங்கம். இங்க டீக்கடைல ஆள கூப்புடணும்னா உதட்ட குவிச்சு முத்தம் குடுக்குற மாதிரி சத்தம் போடுவோம். 1964ல மெட்ராஸ்ல எறங்குன நம்ம முருகையன் ஒரு ஓட்டல்ல உக்காந்து பழக்கதோஷத்துல அதே சத்தம் போட்டா என்ன ஆகும், யோசிங்க. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க, மறுபடியும். இங்க நம்மள கலான்னு, அதாவது இந்தியாக்காரன்னு சொல்லுவாங்க, அங்க பர்மாக்காரன். ஸ்கூல் சீனும் இந்த சீனும் ஒரே கதைல இருந்தா நடுவுல எதையும் நீங்க சொல்லத் தேவையில்ல.

படி 6: கடைசில சத்தமா படிச்சுக் காட்டுங்க

ஸ்பெல்லிங்க அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கதையோட சொந்தக்காரங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. உளுந்து கதைய முடிச்சு அப்பத்தாகிட்ட படிச்சேன், கண்ண மூடி முழுசும் கேட்டுச்சு, முடிஞ்சதும், "நல்லாத்தான்டா இருக்கு, ஆனா அது உளுந்து இல்ல, பச்சரிசி"ன்னுச்சு. உளுந்துன்னு சொன்னதே நீங்கதான்னு சொன்னேன். "நானா?"ன்னு கேட்டுட்டு திரும்பிப் படுத்துக்குச்சு. கதைல இப்ப உளுந்துதான் இருக்கு, ஆனா ஒரு கெழவி வந்து அது பச்சரிசின்னு சண்ட போடுற மாதிரி கடைசி பத்திய மாத்தி எழுதிட்டேன்.